கேட் பாஸ் இல்லாமல் வெளியே போன சர்வர்: திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நடந்ததன் நிகழ்வு ஆய்வு

ஒரு புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, மங்கலம் சாலைப் பக்கம் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, எங்க லாகின்ல நாங்க போடாத ஸ்டைல் எல்லாம் வரிசையா நிக்குதுங்க. ஒண்ணுக்கும் படம் வரலீங்க, செவப்புல என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்குது. நீங்க ஏதாச்சும் டெஸ்ட் பண்ணீட்டிருக்கீங்களா?"

நாங்கள் எதையும் டெஸ்ட் செய்துகொண்டிருக்கவில்லை. யாரோ அவர் லாகினில் நுழைந்து, எங்கள் சர்வரையே ஏவிவிட்டுக் கோப்புகளை எடுத்திருந்தார்கள். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு போனில் இருந்து தொடங்கியதுதான். எங்களிடம் இருந்த எந்த எச்சரிக்கை மணியும் அதற்கு முன் அடிக்கவில்லை. தன் திரையில் இருப்பது தன் வேலை இல்லை என்று கவனித்து, உடனே கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் என்பது போதும். நானும் இரண்டு நண்பர்களும் கோவையில் இருந்து அவர்களுக்கு மென்பொருள் செய்து தருகிறோம். ஓட்டை இருந்த பகுதியை எழுதியவன் நான். அதே மாதிரி ஒரு வசதி, அதே மாதிரி ஒரு ஓட்டையோடு, கரூரிலும் ஈரோட்டிலும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால்தான் இதை முழுதாக எழுதுகிறேன்.

ஏன் அப்படி ஒரு வசதி வந்தது

திருப்பூரில் ஒரு டி-சர்ட் ஒரே கட்டடத்தில் உருவாவதில்லை. நிட்டிங் ஓர் இடம், டையிங் ஓர் இடம், அப்புறம் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று துணி ஊரைச் சுற்றிவிட்டுத்தான் பெட்டிக்குள் போகும். அதனால் எங்கள் இணையச் செயலியில் நிறுவனத்து ஆட்களோடு ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கும் லாகின் உண்டு. வெளியே கொடுத்த லாகின்கள் அறுபதுக்கு மேல்.

பையர் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் டெக் பேக் அனுப்புவார். அளவு, கலர், பிரிண்ட் எங்கே எத்தனை சென்டிமீட்டர் தள்ளி வர வேண்டும், லேபிள் எங்கே தைக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். இப்போதெல்லாம் பெரும்பாலும் கோப்பு வராது, லிங்க்தான் வரும். மெர்ச்சண்டைசர்கள் அந்த லிங்க்கைத் திறந்து, இறக்கி, மறுபடி எங்கள் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சீசனுக்கு நூற்றுக்கணக்கில். "லிங்க்கைப் போட்டா அதுவே எடுத்துக்கற மாதிரி பண்ணித் தர முடியுங்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு பெட்டி வைத்தேன். அதில் லிங்க்கை ஒட்டினால், எங்கள் சர்வர் அந்த முகவரிக்குப் போய் கோப்பை எடுத்துவந்து, ஒரு சின்னப் படமாக மாற்றிக் காட்டும். பிரிண்டிங் யூனிட்காரர்களும் தங்கள் ஸ்ட்ரைக்-ஆஃப் (மாதிரி அச்சு) படங்களை அதே பெட்டியில் லிங்க்காகக் கொடுக்கலாம்.

படம் வராவிட்டால் என்ன கோளாறு என்று போனில் சொல்லத் தோதாக, சர்வருக்கு வந்து சேர்ந்த பதிலை அப்படியே சிவப்பில் காட்டவும் செய்தேன். உதவி என்று நினைத்துச் செய்தது. அந்தச் சிவப்பு எழுத்துதான் கதவாக ஆனது.

இரவு 1:52 முதல் 2:31 வரை

சர்வர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது, பிரிண்டிங் யூனிட்டின் லாகினில் இருந்து முந்தைய இரவு 39 நிமிடத்தில் 214 லிங்க்குகள் போடப்பட்டிருந்தன. கடவுச்சொல் யூனிட்டின் பெயரும் வருடமும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை தேவைப்பட்டிருக்காது. அது அவர் தவறு என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது எங்கள் செயலி.

முதல் நாலைந்து லிங்க்குகள் சும்மா வெள்ளோட்டம், ஏதோ ஒரு பொதுத்தளத்துப் படங்கள். அவை ஒழுங்காக வந்தன. அடுத்தது 127.0.0.1, அதாவது சர்வர் தன்னையே கூப்பிடும் முகவரி. அதன்பின் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வரிசையாக. எங்கள் மேகச் (கிளவுட்) சர்வருக்கும் திருப்பூர் அலுவலகத்துக்கும் நடுவில் விபிஎன் (இணையத்தின் ஊடே போடும் தனி வழி) இணைப்பு உண்டு, வருகைப் பதிவு இயந்திரத்தில் இருந்து தகவல் எடுப்பதற்காக. அந்த வழியாக யாரோ அலுவலகத்தின் ஒவ்வொரு கணினியையும் தட்டிப் பார்த்திருக்கிறார். கணக்கு மென்பொருள் ஓடும் கணினி 9000 எண் போர்ட்டில் (கணினியின் வாசல் எண் மாதிரி) "நான் இருக்கிறேன்" என்று பதில் சொல்லியிருந்தது. அதற்குமேல் போகவில்லை. அந்த மென்பொருளிடம் கணக்கை வாங்க வேண்டுமானால் தகவல் அனுப்பிக் கேட்க வேண்டும், எங்கள் பெட்டிக்கோ ஒரு முகவரியைப் படித்துவிட்டு வர மட்டும்தான் தெரியும். இதைப் பாதுகாப்பு என்று நான் எண்ணிக்கொள்ளவில்லை. தற்செயல்.

2:14-க்குப் போடப்பட்ட லிங்க் 169.254.169.254.

இந்த எண்ணைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெரிய மேகச் சேவைகளில் ஒரு சர்வர் தன்னைப் பற்றித் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முகவரி இது. என் பெயர் என்ன, நான் எந்த மண்டலத்தில் இருக்கிறேன், எனக்கு எந்தச் சேமிப்பகத்தைத் திறக்க அனுமதி இருக்கிறது என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்குப் பதிலாகத் தற்காலிகச் சாவிகளே கிடைக்கும். இணையத்தில் இருந்து யாரும் இந்த முகவரியை எட்ட முடியாது, அந்தச் சர்வருக்குள் இருந்து கேட்டால்தான் பதில் வரும். எங்கள் பெட்டி அந்தச் சர்வருக்குள்தான் ஓடியது. வெளியாள் உள்ளே நுழையவில்லை. எங்கள் சர்வரே அவர் சொன்ன இடத்துக்குப் போய், கேட்டு, வாங்கி, சிவப்பு எழுத்தில் அவர் கையில் கொடுத்தது.

2:19-க்கு அந்தச் சாவி வேறொரு இடத்தில் இருந்து பயன்படுத்தப்பட்டிருக்கிறது. சேமிப்பகத்தின் பட்டியல் படிக்கப்பட்டது, 37 டெக் பேக் கோப்புகள் இறக்கப்பட்டன. சம்பள விவரம் வேறு சேமிப்பகத்தில் இருந்ததால் தப்பியது. ஆனால் 37 டெக் பேக் என்பது சின்ன விஷயம் இல்லை. கடைக்கு வர இன்னும் ஆறேழு மாதம் இருக்கும் துணிகள் அவை. பையர் அதை நம்பி நம்மிடம் கொடுத்திருக்கிறார்.

காலை 9:50-க்கு அந்தச் சாவிகளைச் செல்லாததாக்கினோம். லிங்க் பெட்டியை மூடினோம், வெளி லாகின்கள் எல்லாவற்றையும் நிறுத்தினோம். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். மதியம் ஒன்றரைக்கு அனுப்பினோம். சாயங்காலம் பையர்களுக்கு நிறுவனமே எழுதியது. என்ன போனது, எப்போது போனது, எந்த ஸ்டைல் எண்கள் என்று ஒளிக்காமல் எழுதினார்கள். அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று சொன்னவர்களும் அலுவலகத்தில் இருந்தார்கள். முதலாளி அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை.

"கோர்ஸ் போட்டிருக்கோமே அண்ணா"

அன்று மதியம் எங்கள் குழுவில் இருக்கும் இளைஞர் கேட்டது இது. கோர்ஸ் (CORS) இருக்கும்போது இது எப்படி நடந்தது என்பது அவர் கேள்வி. நிறையப் பேருக்கு இதே குழப்பம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பிரவுசர் 1995-இல் நெட்ஸ்கேப் காலத்தில் இருந்து ஒரு விதியை வைத்திருக்கிறது. ஒரு தளத்தில் இருந்து வந்த பக்கம், இன்னொரு தளத்தின் பதிலைப் படிக்க முடியாது. ஒரே தளம் என்றால் முறை (http அல்லது https), பெயர், போர்ட் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இதுதான் ஒரே-மூல விதி. கோர்ஸ் என்பது அந்த விதியில் கொடுக்கப்படும் விலக்கு. "இந்தத் தளத்துப் பக்கம் என் பதிலைப் படிக்கலாம்" என்று ஒரு சர்வர் சொன்னால், பிரவுசர் விடும். பூட்டு பிரவுசரிடம் இருக்கிறது. கோர்ஸ் போடுவது அந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்துவது. கோர்ஸ் போட்டதால் பாதுகாப்பு கூடியது என்று யாராவது சொன்னால், அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

இங்கே பிரவுசரே நடுவில் இல்லை. எங்கள் சர்வர் நேராக இன்னொரு முகவரிக்குப் போகிறது. அங்கே ஒரே-மூல விதியும் கிடையாது, கோர்ஸும் கிடையாது, கேட்க ஆளே கிடையாது. சர்வரை ஏவிவிட்டு அதன் கையால் எடுக்கும் இந்தத் தாக்குதலுக்கு எஸ்எஸ்ஆர்எஃப் (SSRF) என்று பெயர். இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பத்துப் பெரிய ஆபத்துகளின் பட்டியலில் இது பத்தாவது. 2019-இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் பறிபோனதும் இதே முகவரியின் வழியாகத்தான். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள். அடுத்த ஆண்டு அந்த வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம். அந்தச் செய்தியை நான் அப்போதே படித்திருந்தேன். பெரிய வங்கிக்கு நடந்தது என்று படித்துவிட்டு மறந்தேன். 169.254.169.254 கோவைக்காரன் எழுதிய செயலிக்கும் அதே பதிலைத்தான் சொல்லும் என்று எனக்கு உறைக்கவில்லை.

இதைத் தேடும்போது எங்கள் கோர்ஸ் அமைப்பிலேயே தனியாக ஒரு தவறு அகப்பட்டது. எந்தத் தளம் கேட்டாலும் அந்தத் தளத்தின் பெயரையே திருப்பிச் சொல்லி, குக்கியோடு (லாகின் செய்தவர் யார் என்று காட்டும் குறிப்பு) வரவும் அனுமதித்திருந்தோம். எல்லோருக்கும் என்று நட்சத்திரக் குறி போட்டால், குக்கியோடு வரும்போது பிரவுசர் மறுத்துவிடும். அந்த மறுப்பைத் தாண்ட யாரோ ஒருநாள் குறுக்கு வழி போட்டு, அது அப்படியே நின்றுவிட்டது. அன்றே எடுத்தோம்.

முதல் மருந்து வேலை செய்யவில்லை

வியாழக்கிழமை நான் ஒரு தடைப்பட்டியல் எழுதினேன். 127, 10, 192.168, 169.254 என்று தொடங்கினால் போகாதே. ஒரு மணி நேர வேலை. சாயங்காலம் நண்பர் அதை உடைத்துக் காட்ட பத்து நிமிடம் ஆனது.

முதலில் 2852039166 என்று ஓர் எண்ணைப் போட்டார். அதே 169.254.169.254 முகவரியைப் புள்ளி இல்லாமல் ஒரே எண்ணாக எழுதினால் இதுதான் வரும். என் சோதனைக்கு அது ஏதோ ஒரு பெயர், வலையமைப்புக்கு அது முகவரி. அப்புறம் ஐபிவி6 என்ற புதிய முகவரி வடிவில் எழுதினார். அப்புறம் தன் சொந்தத் தளத்தின் லிங்க்கைக் கொடுத்தார். அந்தத் தளம் "நான் இடம் மாறிவிட்டேன், அங்கே போ" என்று உள் முகவரியைக் காட்டியது. என் சர்வர் சொன்ன பேச்சைக் கேட்டுப் போனது.

கடைசியாகச் செய்ததுதான் என்னை உட்கார வைத்தது. பெயரைக் கேட்டால் முகவரி எண்ணைச் சொல்வது டிஎன்எஸ். அவர் ஒரு டொமைன் பெயருக்கு டிஎன்எஸ் பதிலை நொடிக்கொரு தரம் மாற்றினார். என் சோதனை பெயரைக் கேட்கும்போது நல்ல முகவரி வருகிறது, சரி என்று விடுகிறது. அடுத்த கணம் கோப்பை எடுக்கப் போகும்போது மறுபடி பெயரைக் கேட்கிறது, இப்போது உள் முகவரி வருகிறது. கேட்டில் காட்டிய பில் ஒன்று, வண்டி போன இடம் வேறு.

எங்கெல்லாம் போகக் கூடாது என்ற பட்டியல் ஒருநாளும் முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது.

மூன்று கையெழுத்து

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் விளக்கச் சொன்னார்கள். அவர் கணினி ஆள் இல்லை. டையிங்கில் தொடங்கி வளர்ந்தவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்போ, லாகின் இருக்கற ஆரு வேணும்னாலும் ஓர் அட்ரஸை எழுதிக் குடுத்தா, நம்ம சர்வர் கேள்வி கேக்காம அங்க போகுமுங்களா?"

"ஆமாங்கண்ணா."

"கட்டிங் வேஸ்ட் மூட்டை வெளிய போறதுக்கே நம்ம கேட்ல மூணு கையெழுத்துங்க தம்பி. சர்வர் போறதுக்கு ஆரு கையெழுத்துப் போட்டது?"

யாரும் போடவில்லை என்று சொன்னேன். இதைவிடச் சரியாக இந்தக் கோளாறை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நிறுவனத்தில் துணி ரோல் வெளியே போக டிசி (டெலிவரி சலான்) வேண்டும். எத்தனை ரோல், எத்தனை கிலோ, யாருக்கு, திரும்பி வருமா வராதா என்று அதில் இருக்க வேண்டும். எழுதுபவர் ஒருவர், ஒப்புதல் கொடுப்பவர் ஒருவர், கேட்டில் எண்ணிப் பார்ப்பவர் ஒருவர். நாங்கள் செய்துவைத்திருந்ததோ, டெம்போ டிரைவரே டிசி எழுதி, தானே கையெழுத்தும் போட்டு, தானே கேட்டையும் திறந்துகொள்வது போல. உள்ளே வருபவரை எல்லாம் லாகின், தீச்சுவர் (ஃபயர்வால்) என்று சோதித்தோம். வெளியே போகும் வாசலுக்குக் கதவே வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து ஓராண்டில் போடப்பட்ட லிங்க்குகளை எல்லாம் எடுத்தோம். நாலாயிரத்துச் சொச்சம். அவை எத்தனை தளங்களில் இருந்து வந்தன என்று எண்ணினால், பதினொன்று. உலகம் முழுக்கப் போகத் திறந்துவைத்திருந்த வாசலுக்கு உண்மையில் தேவைப்பட்டது பதினொரு ஊர்கள். தவறி ஒட்டிய வாட்ஸ்அப் லிங்க்குகளும் தேடல் பக்கங்களும் போக, வேறு எதுவும் இல்லை. இந்தக் கணக்கை முதலிலேயே எடுத்திருந்தால் வியாழக்கிழமை வீணாகியிருக்காது.

என்ன கட்டினோம்

கொள்கை ஒரே பக்கம். செயலி வெளியே போக வேண்டிய ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வரி: எதற்காக, யார் கேட்டது, யார் ஒப்புக்கொண்டது, என்ன தகவல் வெளியே போகிறது, எந்தத் தேதி வரை. கேட்பவரும் ஒப்புக்கொள்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரி காலாவதியாகும், வேண்டுமானால் புதுப்பிக்க வேண்டும். பட்டியலில் இல்லாதது போகாது.

காகிதத்தில் எழுதினால் மட்டும் சர்வர் நிற்காது. வெளியே போவதற்கென்று தனியாக ஒரு சிறு கணினியை வைத்தோம், ப்ராக்ஸி. செயலி ஓடும் சர்வருக்கு இணையத்துக்குப் போகும் நேர்வழியே இப்போது இல்லை. போக வேண்டுமானால் ப்ராக்ஸியிடம் கேட்க வேண்டும், அது பட்டியலைப் பார்க்கும். முகவரி எண்ணை மட்டும் வைத்துத் தீச்சுவரில் தடுக்கலாமே என்று முதலில் நினைத்தோம். பெரிய தளங்கள் எல்லாம் பொதுவான விநியோக வலையின் பின்னால் இருப்பதால் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், ஒரே எண்ணில் ஆயிரம் தளங்கள் இருக்கும். பெயரைப் பார்க்கும் ப்ராக்ஸிதான் சரிப்பட்டது. அது பெயரை ஒரே ஒரு தடவை கேட்கும், வந்த முகவரி உள் வலையைச் சேர்ந்ததா என்று பார்க்கும், அதே முகவரிக்குத்தான் போகும். இரண்டாவது தடவை கேட்காது. ஹெச்டிடிபிஎஸ் மட்டும், 443 போர்ட் மட்டும், 10 நொடிக்கு மேல் காத்திருக்காது, 20 எம்பிக்கு மேல் எடுக்காது. "இடம் மாறிவிட்டேன்" என்று பதில் வந்தால், புதிய இடமும் பட்டியலில் இருக்கிறதா என்று மறுபடி பார்க்கும். இதனால் லிங்க்குகளுக்கான பட்டியல் பதினான்கு ஆனது, ஏனென்றால் மூன்று பையர்களின் லிங்க்குகள் உண்மையிலேயே வேறு ஒரு சேமிப்பகத்துக்குத் திருப்பிவிடுபவை.

அந்த ப்ராக்ஸிக்கு எந்தச் சேமிப்பகத்தின் சாவியும் கிடையாது, அலுவலக விபிஎன் வழியும் கிடையாது. அதை ஒருவர் முழுசாகப் பிடித்துக்கொண்டாலும் அங்கே எடுக்க ஒன்றும் இல்லை.

பலர் கவனிக்காத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கோப்பை எடுத்துவந்த பிறகும் ஆபத்து முடியவில்லை. எஸ்விஜி என்ற வகைப் படத்துக்குள்ளேயே வேறு லிங்க் இருக்கலாம். படமாக மாற்றும் கருவி அதைப் பார்த்ததும் தானாகவே அந்த முகவரிக்குக் கிளம்பிவிடும். வாசலில் சோதித்து உள்ளே விட்ட சரக்கு, உள்ளே இருந்து ஆளைக் கூப்பிடுவது மாதிரி. அதனால் படமாக மாற்றும் வேலை இப்போது வலையமைப்பே இல்லாத ஒரு மூலையில் நடக்கிறது. கோப்பு உள்ளே போகும், படம் வெளியே வரும், வேறு வழி இல்லை.

169.254.169.254 முகவரிக்கும் ஒரு திருத்தம் உண்டு. 2019 நவம்பரிலேயே அமேசானின் மேகச் சேவையில் புதிய முறை வந்துவிட்டது. முதலில் தனியாகக் கேட்டு ஒரு டோக்கன் வாங்க வேண்டும், அதைக் காட்டினால்தான் சாவி. சும்மா ஒரு முகவரியைப் படித்துவிட்டு வரும் எங்கள் பெட்டி போன்றவற்றால் அந்த டோக்கனை வாங்க முடியாது. இப்படி ஒரு முறை எங்களுக்கும் கிடைத்தது. பழைய சர்வர் பழைய முறையிலேயே ஓடிக்கொண்டிருந்தது, மாற்ற ஒரு கட்டளை போதும், யாரும் மாற்றவில்லை. சிவப்பு எழுத்தை எடுத்துவிட்டோம். இப்போது "படம் எடுக்க முடியவில்லை" என்பதோடு ஒரு பதிவு எண் மட்டும் வரும். வெளியே போன ஒவ்வொன்றும் ப்ராக்ஸியில் பதிவாகிறது, 180 நாள் வைத்திருக்கிறோம், செர்ட்-இன் உத்தரவும் அதைத்தான் கேட்கிறது.

இந்தப் பதிவு எதற்கு என்று இந்த ஊரில் யாருக்கும் நீட்டி விளக்க வேண்டியிருக்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறை வந்த பிறகுதான் அவை மெல்ல எழுந்ததையும் பார்த்தவர்கள் இவர்கள். நொய்யலுக்குள் என்ன போகிறது என்று அளக்காமல் விட்டதன் விலை அவர்களுக்குத் தெரியும்.

தூத்துக்குடி வண்டி நின்றது

ப்ராக்ஸியை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இயக்கினோம். எல்லாம் ஓடியது. சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லைப் போட்டுப் பார்த்தோம், வந்தது. நிம்மதியாகக் கோவைக்குக் கிளம்பினேன். இரவு எட்டரைக்கு அவிநாசி தாண்டும்போது போன்.

"தூத்துக்குடி கண்டெய்னர் லோடு ஆகி கேட்ல நிக்குதுங்க, இ-வே பில் வரமாட்டேங்குது."

வண்டியைத் திருப்பினேன். இ-வே பில் போட எங்கள் செயலி இடைநிலைச் சேவை ஒன்றின் வழியாகப் போகிறது. பில் போடும் முகவரி ஒன்று. அதற்கு முன் டோக்கன் வாங்கும் முகவரி வேறொன்று. முதலாவதை மட்டும் பட்டியலில் சேர்த்திருந்தோம். டோக்கன் 6 மணி நேரம் செல்லும். மதியம் சோதித்தபோது காலையில் வாங்கிய டோக்கன் உயிரோடு இருந்தது, அதனால் ஓடியது. அது முடிந்ததும் புதிய டோக்கன் வாங்கப் போன சர்வரை ப்ராக்ஸி நிறுத்திவிட்டது. ப்ராக்ஸி தன் வேலையைச் சரியாகச் செய்தது, பட்டியல்தான் குறை.

கப்பல் நேரம் தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு நிறுவனத்தின் தலையில். லாரி டிரைவர் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். முகவரியைச் சேர்த்ததும் பில் வந்தது, வண்டி போனது. அன்றிரவு யாராவது "அந்த ப்ராக்ஸியை எடுத்துப் போடு" என்று சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேச முடிந்திருக்காது. யாரும் சொல்லவில்லை.

தடுப்பதற்கு முன் இரண்டு வாரம் வெறுமனே பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாததையும் விட்டுவிட்டு, குறித்து மட்டும் வைத்திருந்தால் அந்த டோக்கன் முகவரி முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகளும் இருக்கும் என்பதால், இன்னொரு நிறுவனத்தில் இதைச் செய்தபோது ஒரு முழு மாதம் பார்த்தோம்.

பிரவுசர் பக்கம்

சர்வர் போகும் இடங்களைக் கணக்கெடுத்த பிறகு, பயனரின் பிரவுசர் எங்கெல்லாம் போகிறது என்று பார்க்கத் தோன்றியது. எங்கள் லாகின் பக்கத்தைத் திறந்தால் ஏழு வெளித்தளங்களில் இருந்து ஏதேதோ வந்தன. எழுத்துரு, வருகைக் கணக்கு, பிடிஎஃப் காட்டும் நிரல். அவற்றில் ஒன்று அரட்டைப் பெட்டி. அதை நடத்திய சிறு நிறுவனம் சேவையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிவிட்டது. பெட்டி திரையில் தெரியாது, ஆனால் அதன் நிரல் வரி எங்கள் பக்கத்தில் அப்படியே இருந்தது. அந்த டொமைன் மூன்று மாதத்தில் காலாவதி. அதன்பின் யார் வாங்கினாலும், எங்கள் லாகின் பக்கத்தில் தங்கள் நிரலை ஓடவிடலாம். கடவுச்சொல் அடிக்கும் பக்கத்தில்.

இது கற்பனைப் பயம் இல்லை. பாலிஃபில் டாட் ஐஓ என்ற டொமைன் 2024-இல் கை மாறி, அதே வருடம் ஜூன் மாதம் அதை நம்பியிருந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களுக்குக் கெட்ட நிரலை அனுப்பியது. 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பக்கத்தில் நுழைந்த நிரல் வெறும் 22 வரி. பணம் கட்டுபவர்களின் அட்டை எண்ணை, பார்க்க அந்த நிறுவனத்தின் பெயர் போலவே இருந்த வேறொரு தளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2020-இல் 2 கோடி பவுண்டு அபராதம் போட்டார்கள்.

பிரவுசருக்கான கேட் பாஸ்தான் சிஎஸ்பி (CSP). பக்கத்தோடு சர்வர் அனுப்பும் ஒரு வரி: நிரல் எங்கிருந்து வரலாம், படம் எங்கிருந்து, தகவல் எங்கே போகலாம், படிவம் எங்கே அனுப்பப்படலாம். எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும் அனுப்பும் முறை இதில் உள்ளேயே இருக்கிறது. தூத்துக்குடி வண்டிக்குப் பிறகு அதை முழு மனதோடு பயன்படுத்தினோம். இரண்டு வாரத்தில் வந்த அறிக்கைகளில் பெரும்பாலானவை பயனர்கள் தங்கள் பிரவுசரில் போட்டிருந்த நீட்சிகளின் இரைச்சல். உருப்படியாக ஒன்று கிடைத்தது, பேக்கிங் பிரிவின் பார்கோடு பக்கம் ஒரு கோப்பை வெளியில் இருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அதை எங்கள் சர்வருக்கே கொண்டுவந்தோம். எழுத்துருவையும் பிடிஎஃப் நிரலையும் அப்படியே. ஏழு இடம் ஒன்றானது.

இரண்டு விஷயத்தைச் சொல்லி வைக்கிறேன். பொது விதி ஒன்றைப் போட்டால் படிவத்துக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது, படிவம் எங்கே போகலாம் என்பதைத் தனியாக எழுத வேண்டும். பெரிய பொது நிரல் கிடங்கு ஒன்றை முழுதாக அனுமதித்தால், அந்தக் கிடங்கில் யார் வைத்த நிரலையும் அனுமதித்ததாக ஆகும். சிஎஸ்பி எல்லாவற்றையும் அடைத்துவிடும் என்றும் நம்பவில்லை. கெட்ட நிரல் ஒருமுறை உள்ளே ஓடிவிட்டால், பக்கத்தையே வேறொரு முகவரிக்குத் திருப்பி, அந்த முகவரியின் வாலில் தகவலை ஒட்டி அனுப்பலாம். அதைத் தடுக்கத் தரநிலையில் இருந்த விதி கைவிடப்பட்டுவிட்டது. அதனால் நிரல் எங்கிருந்து வரலாம் என்ற வரிக்குத்தான் அதிகக் கவனம் கொடுத்தோம்.

இதற்கிடையில் பேக்கிங் பிரிவில் ஒருநாள் பெட்டி எடை திரையில் வரவில்லை. அந்தப் பக்கம் அதே கணினியில் ஓடும் ஒரு சிறு நிரலிடம் தராசு எண்ணைக் கேட்டு வாங்கும். குரோம் 142-ஆம் பதிப்பில் இருந்து, இணையத்துப் பக்கம் உள் வலையைத் தொட முயன்றால் பயனரிடம் அனுமதி கேட்கிறது. அங்கே வேலை பார்க்கும் பெண் "வேண்டாம்" என்று அழுத்தியிருக்கிறார். "என்னமோ உள்ள வர அனுமதி கேட்டுதுங்க, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேனுங்க" என்றார். எடை வராதது தொல்லைதான். ஆனால் தெரியாத ஒன்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வதில் தவறே இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் அனுமதிக்கலாம் என்று காட்டிக்கொடுத்தேன். நிறுவனத்தின் கணினிகளில் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் நிர்வாக விதியாகவே இப்போது கொடுத்திருக்கிறோம்.

மிச்சம் இருப்பது

விபிஎன் இன்னும் சரியாகப் பிரிக்கப்படவில்லை. வருகைப் பதிவு இயந்திரமும் கணக்கு மென்பொருள் கணினியும் ஒரே வலையில்தான் இருக்கின்றன. செயலி இப்போது வருகை இயந்திரத்தின் முகவரியை மட்டுமே எட்ட முடியும், ஆனால் அந்த இயந்திரத்துக்குள் யாராவது புகுந்தால் அடுத்த வீடு கணக்குக் கணினி. சுவிட்ச் மாற்ற வேண்டும், விலை வாங்கிக் கொடுத்திருக்கிறோம், சீசன் முடிந்ததும் செய்வதாக முடிவு.

புதிய பையர் ஒருவர் போன மாதம் சேர்ந்தார். அவருடைய லிங்க் வேலை செய்யவில்லை என்று மெர்ச்சண்டைசர் படிவத்தை நிரப்பினார், உற்பத்தி மேலாளர் கையெழுத்திட்டார், நாங்கள் சேர்த்தோம். இருபது நிமிடம். லிங்க்குகளுக்கான பட்டியலில் இப்போது பதினைந்து.

மங்கலம் சாலைக்காரரை யூனிட்டுக்கே போய்ப் பார்த்தேன். அவர் லாகினில் நடந்ததற்கு அவரைக் கணக்குக் கேட்பார்களோ என்று பயந்திருந்தார். இல்லை என்று சொல்லி, நடந்ததை முழுசாகச் சொன்னேன். போனில் ஓடிபி வரும் முறையை அவருடைய இரண்டு சூப்பர்வைசர்களுக்கும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன். மேசையில் பிரிண்ட் காய்ந்துகொண்டிருந்தது, தொடாமல் சுற்றி வரச் சொன்னார். கிளம்பும்போது கேட்டார்: "இனி அந்தச் செவப்பு எழுத்து வந்தா உங்களுக்கே கூப்பிடறதுங்களா?"

ஆமாங்க, ராத்திரி எத்தனை மணி ஆனாலும், என்று சொல்லிவிட்டு வந்தேன்.